தடவிக் காட்டிய கை

செவ்வாய், காலை 7.10.

சத்தியநேசன் கட்டிலில் செத்துக் கிடந்தார். இன்ஸ்பெக்டர் ஃபெமினா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாளியில் நீலமும் பச்சையுமாக வாந்தி. விரிப்பு முழுக்கத் தவிடு கொட்டினாற்போலத் தோல் செதில்கள். உடம்பு வெந்த இறாலாகச் சிவந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. புன்னக்காயலில் மீன் நாற்றத்தில் வளர்ந்தவளுக்கே குமட்டியது. குமட்டியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

செத்தவர் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். கைக்குழந்தையிலிருந்தே கரப்பான் என்ற தோல் நோய். ஆறு நாளாக வாந்தி.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“ஒருநாள் போனோம் மேடம்,” என்றாள் மனைவி ஜெமிமா. “சாப்பாடு ஒத்துக்கலன்னு மாத்திரை குடுத்தாவ. சிவந்திருக்கது கரப்பான் கூடுனதுன்னாவ. மறுபடி கூப்பிட்டா அவிய வரல. பக்கத்துல உக்காந்தா ஆளுக எந்திச்சுப் போயிருதாவளாம்.”

மாடியில் குடியிருக்கும் செத்தவரின் தம்பி ஜாஸ்பர் ஜெமிமாவைக் கை காட்டினார். “சமைச்சுப் போட்டது மைனி ஒருத்திதான். வேற யாரும் இந்த வீட்டுக்குள்ள வாரதில்ல. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

ஏட்டு தாணுமாலையன் தலைமாட்டிலிருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைக் களிம்பு. மேலே செதில்கள் ஒட்டிக் கிடந்தன.

“அது நான் வாங்கிக் குடுத்தது. அம்பாசமுத்திரத்துல ஒரு வைத்தியர்ட்ட,” என்றார் ஜாஸ்பர். கேட்பதற்கு முன்பே விரலை விட்டு ஒரு வழி வழித்து, முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். “பாத்துக்கிடுங்க. எனக்கு என்ன ஆச்சு?”

“நானும் பத்து நாளா வெறுங்கையாலதான் அவியளுக்கு உடம்பெல்லாம் தடவுனேன்,” என்றாள் ஜெமிமா. அவள் கைகள் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன.

ஏட்டு டப்பாவை ஓரமாக வைத்தார். ஃபெமினா அதில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். நறநறவென்றிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டு முத்திரை வைக்கச் சொன்னாள்.

பகல் 12.30. மாடி.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. காபி கொண்டுவந்த ஜாஸ்பரின் மகள் டார்லின் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டிருந்தாள். கூடத்தில் ஒரு கேரம் போர்டு. ஃபெமினா சும்மா ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். அது பாதி தூரம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

“பவுடர் இல்லையா?”

“தீந்து போச்சு,” என்றார் ஜாஸ்பர்.

அவர் போன் பேச எழுந்து போனதும், “பெரியப்பா உங்க வீட்டுக்கு வருவாவளா?” என்று ஃபெமினா கேட்டாள்.

டார்லின் தலையைக் குனிந்துகொண்டாள். “போன மாசம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாவ. பெரியப்பா ஆசையா மேல வந்து மாப்பிள்ளைக்குக் கை குடுத்தாவ. அவரு கையக் குடுக்கல. பரம்பரையா வரும்னு பேசிக்கிட்டே போனவங்கதான், பதிலே இல்ல. அப்பா அன்னைக்குச் சாயங்காலமே பெரியப்பா உக்காந்த நாற்காலிய எரிச்சுட்டாவ.”

ஃபெமினா காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

மறுநாளே மேலிடத்து நெருக்கடி. சமைத்தவளும் மருந்து தடவியவளும் ஒருத்தியே என்று ஜெமிமாவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அம்பாசமுத்திரத்தில் ஜாஸ்பர் சொன்ன மாதிரி ஒரு வைத்தியரை யாருக்கும் தெரியவில்லை.

பதினொரு நாள் கழித்து, காலை 11.00.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மகேஸ்வரன் போனில் சொன்னார். “ரத்தத்துல போரிக் ஆசிட், சிறுநீரகம் கெட்டுப்போச்சு. ஆனா இரைப்பையில அது பேருக்குக்கூட இல்ல.”

“அந்தக் களிம்புல?”

“பாதிக்குப் பாதி அதுதான்.”

“அப்ப தடவுன பொம்பளைக்கு ஏன் டாக்டர் ஒண்ணும் ஆகல?”

டாக்டர் பதில் சொன்னார். ஃபெமினா போனை வைத்துவிட்டு, களிம்பைத் தொட்ட தன் விரல் நுனியைப் பார்த்தாள்.

மாலை 5.30. மறுபடி மாடி.

மேஜை மேல் அதேபோல் ஒரு வெள்ளைக் களிம்பு டப்பாவை வைத்தாள்.

“கேரம் பவுடர் டப்பாவுல என்ன எழுதியிருக்கும் தெரியுமா, ஜாஸ்பர் சார்? போரிக் ஆசிட். உங்க வீட்டுப் பவுடர் தீரல. உங்க அண்ணன் உடம்புக்குள்ள போச்சு.”

“நான்தான் உங்க முன்னாலேயே தடவிக் காட்டுனேன்லா?”

“அதுதான் உங்களக் காட்டிக் குடுத்துச்சு. அண்ணன் உக்காந்த நாற்காலிய அருவருத்து எரிச்சவரு நீங்க. அவரு செதில் ஒட்டிக் கெடந்த டப்பாவுல, யாரும் கேக்காமலே விரல விட்டீங்க. இது பதினொரு நாளா என் கண்ணுல படாமப் போச்சு.”

ஜாஸ்பர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நல்ல தோலு ஓடு வேய்ஞ்ச கூரை. உங்க தோலும் மைனி தோலும் அப்படி. எதத் தடவினாலும் மேலயே நின்னுரும். கரப்பான்காரங்களுக்குக் கூரையில பாதி ஓடு இருக்காது. உள்ள இருக்க ஈரம் வெளிய போயிரும், வெளிய தடவுறது உள்ள எறங்கிரும். வீட்டுல அத்தன பேரும் தொட்டாலும் ஒருத்தரத்தான் அது கொல்லும்.”

“கதை நல்லாருக்கு மேடம். சாட்சி?”

ஃபெமினா திரும்பினாள். “டார்லின், இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை எதுக்கு? கைய நீட்டும்மா.”

அவள் தயங்கித் தயங்கிச் சட்டைக் கையை மேலேற்றினாள். முழங்கை மடிப்பில் தோல் தடித்து, வெடித்து, ரத்தம் கசிந்திருந்தது. ஃபெமினா டப்பாவில் விரலை விட்டு வழித்து, அந்த வெடிப்பை நோக்கிக் கொண்டுபோனாள்.

ஜாஸ்பர் பாய்ந்து டப்பாவைத் தட்டிவிட்டார். “அவளுக்குத் தடவாதீங்க, செத்துருவா.”

டப்பா உருண்டு கேரம் போர்டின் காலடியில் போய் நின்றது.

“இது வெறும் தேங்காயெண்ணெயும் மெழுகும்,” என்றாள் ஃபெமினா. எத்தனையோ பிணத்தைப் பார்த்தவள். இந்த ஆள் மூச்சு விடும் அறையில் நிற்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சுதான் பெரியப்பாவ...” டார்லின் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“உனக்காகத்தாம்மா. அவன் கண்ணுல படாம இருந்தா உன்னைய யாரும்...” ஜாஸ்பர் மகளின் கையைப் பிடிக்கப் போனார்.

அவள் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தாள். அவர் விரல் பட்ட இடத்தைத் துப்பட்டா முனையால் துடைத்தாள். பிறகு மற்றக் கைச் சட்டையையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டாள்.

“பெரியம்மாவ எப்ப விடுவாங்க மேடம்? நான் போய்க் கூட்டிட்டு வாரேன்.”