வெயில் கேட்ட உடம்பு

லாயாங் லாயாங் ஊரின் மதிய வெயிலில் தண்டவாளமே முனகும்; காக்கைகூடப் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்து போகும். அந்த வெயிலில் தேன்மொழியின் கணவன் காளியப்பன் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டியபடி வாசலில் நின்றான்.

"ஏங்க, கிறுக்கா பிடிச்சிருக்கு? உள்ள வாங்க லா!"

"குளுருது தேனு. நீ போ."

தொட்டாள். தவளை முதுகு போலச் சில்லென்றிருந்தது.

காளியப்பன் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிப்பவன். மருந்து என்றால் பூஞ்சணம். குருத்தைக் குடையும் கொம்பு வண்டின் மேல் பட்டால் போதும். தோலைத் துளைத்து, வயிற்றுக்குள் குடித்தனம் நடத்தி, கடைசியில் பச்சை மாவாக வெளியே பூக்கும். ஒரே குறை, சூடு ஆகாது. வெயில் ஏறினால் சுருண்டுவிடும். தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் அதைச் சூட்டுக்குப் பழக்கியவள் தேன்மொழிதான். பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் ஏற்றி, சாகாமல் மிஞ்சியதை மட்டும் எடுத்து வளர்த்தாள். மனித உடம்புச் சூட்டிலும் அது கொழுத்த அன்று மேனேஜர் ராஜசேகரன் கேக் வெட்டினார்.

"மாஸ்க் எதுக்கு லா? வண்டு மருந்து மனுசன என்னா பண்ணும்?"

அவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

வெயில் தாக்கித்தான் உடம்பு சில்லிட்டுவிட்டது என்று நினைத்து அவனை அறைக்குள் இழுத்துப் போனாள். ஏர்கானைக் கடைசிக் குளிர் வரை இறக்கினாள். ஈரத் துண்டு போர்த்தினாள். மறுபடி ஓடிவிடக் கூடாதென்று வெளியே பூட்டினாள்.

"கதவத் தொற தேனு. வெயில் வேணும்."

"பேசாம படுங்க. ஒங்க நல்லதுக்குத்தான்."

நகம் உரசியது. பிறகு உலர்ந்த சருகு நகர்வது போல ஏதோ சரசரத்தது. கதவிடுக்கில் நனைந்த சாக்கு நாற்றம். பிறகு ஒன்றுமில்லை.

அப்போதுதான் உறைத்தது. பூஞ்சணம் பிடித்த வண்டுகள் பெட்டியில் சூட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பைச் சூடேற்றி உள்ளே இருப்பதைக் கொல்லப் பார்க்கும். சில பிழைத்தும் விட்டன. மேனேஜர் விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தவள் அவள்தான்.

சாவி. திறந்தாள்.

ஜன்னல் கண்ணாடியில், வெயில் விழுந்த ஒரு சாண் இடத்தில், காளியப்பன் முகத்தை அப்பி நின்றிருந்தான். கழுத்து மடிப்பில் பச்சை. விரலிடுக்கில் பச்சை. இமையோரத்தில் வெல்வெட் போலப் பச்சை. மார்பு இன்னும் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயிலிருந்து மாவு பறக்க, ஏர்கான் அதை நிதானமாக அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது.

கத்துவதற்காகத் தேன்மொழி மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.