பிணவறைக்கு வெயிட்டிங் லிஸ்ட் இல்லை!

பிணம் தும்மியது!

லிஃப்டுக்குள் இருந்த இரண்டு பேரும் அலறினார்கள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்தவர் பின்னால் சாய, முழங்கை சிவப்புப் பொத்தானில் இடிக்க... பாதி வழியில் லிஃப்ட் நின்றது.

போர்வைக்குள் டெரிக் ராம்ஸ்டன் தன் மூக்கைச் சபித்தார்.

அதுவரை எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது. கொரோனாவின் இரண்டாவது குளிர்காலம். தார்ன்பெக் மருத்துவமனைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. ஆனால் டெரிக் அங்கே முப்பது வருடம் போர்வை துவைத்தவர். ஆபரேஷன் காத்திருப்புப் பட்டியல் அதிகாரியின் அறை அடித்தளத்தில், பிணவறைக்குப் பக்கத்தில் என்பது அவருக்குத் தெரியும். பின்வாசல் வழியாக நுழைந்து, காலி ஸ்ட்ரெச்சர் ஒன்றில் தலை வரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்!

எழுந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. உசிரோடதான் இருக்கேன்... இப்போதைக்கு!"

எதிரே நடுங்கிய பெண்ணின் அட்டையைப் படித்தார். பாலின் ஹாரக்ஸ், காத்திருப்புப் பட்டியல் அதிகாரி.

அவர் தேடி வந்தவளே தானாக வந்து மாட்டியிருக்கிறாள்!

லிஃப்டின் ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒரே மெக்கானிக்தான் இருக்கார். ஒரு மணி நேரம் ஆகும்!"

"நான் டெரிக் ராம்ஸ்டன். குடல்ல கட்டி, மேடம். ஏழு மாசத்துல நாலு தடவை ஆபரேஷனைத் தள்ளி வச்சிட்டீங்க. எனக்குத் தேதி வேணும்."

"சூழ்நிலை அனுமதிக்கும்போது லெட்டர் வரும், சார்."

"வந்த லெட்டரையெல்லாம் வீட்டுச் சுவரு முழுக்க ஒட்டிடலாம்!" அவர் கை முகக்கவசத்துக்குப் போனது. "தேதி சொல்லுங்க. இல்லைன்னா இதைக் கழட்டிட்டு இருமுவேன்!"

"ஐயோ, வேணாம்! நகர்றதுக்குக்கூட இடமில்ல!"

அவருக்குக் கொரோனா இல்லை. போர்வை துவைத்த புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியாதே!

பாலின் உடைந்தாள்.

"கொரோனாவுக்குன்னு கண்காட்சி மண்டபத்துல காசைக் கொட்டி ஐந்நூறு கட்டில் போட்டாங்க. பாத்துக்கத்தான் ஆளில்ல! ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுங்க எல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவுல. பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஒரு தியேட்டர் பூட்டியே கிடக்கு. நர்ஸுக்கு நான் எங்க போவேன்?"

டெரிக்கின் கை தளர்ந்தது. சே... இவளும் மாட்டிக்கொண்டவள்தான்.

"சர்ஜனாவது இருக்காரா?"

"இருக்கேன்," என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்.

டெரிக் திரும்பினார். அந்தக் குரல்...!

"ஃபின்லே. மூணு தடவை போன்ல பேசியிருக்கோமே."

"டாக்டர்! நீங்களா வண்டி தள்றீங்க?"

"வண்டி தள்றவங்களுக்கும் காய்ச்சல். கத்தி பிடிச்சு எட்டு வாரமாச்சு. சும்மா உக்காந்திருக்கவா?"

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் இன்னும் காத்திருந்தா...?"

"இன்னும் ஒரு மாசம் போனா, என் கத்தியால பிரயோசனமில்ல."

பாலின் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷம்... தியேட்டர் நர்ஸா இருந்தேன்," என்றாள் மெல்ல.

ஃபின்லே நிமிர்ந்தார். "நர்ஸ் பதிவு இருக்கா?"

"இன்னும் புதுப்பிச்சிட்டுதான் இருக்கேன்."

"மயக்க மருந்துக்கு நான் ஆள் பிடிக்கிறேன்!"

பாலின் டெரிக்கின் கண்ணைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல எட்டு மணி, மிஸ்டர் ராம்ஸ்டன். லெட்டர் வராது. நீங்க வாங்க."

டெரிக் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"வண்டி தள்றவர் சர்ஜன், ஆபீசரம்மா நர்ஸ்... அப்போ என்னைத் தியேட்டருக்கு யாரு தள்ளிட்டுப் போவா?"

"ஆளேது?" என்றாள் பாலின். "நடந்து வாங்க!"