இடப்பக்க நாற்காலி

பெரியப்பா வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பன்னிரண்டரை. பகல்தான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்ததில் தெருவிளக்குகள் அதற்குள் எரிய ஆரம்பித்திருந்தன. உள்ளேயிருந்து கோழி வறுபடும் வாசனை வந்தது. சித்தப்பாவின் சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"வாலு வந்தாச்சு! எல்லாரும் அவங்கவங்க செருப்ப பத்திரமா வச்சுக்கோங்க!"

பதினாறு வயதாகியும் அவளை விட்டு அந்தப் பட்டம் போகவில்லை. போன வருஷம் சித்தப்பாவின் ஒற்றைச் செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தவள் அவள்தான்.

வருஷக் கடைசி விடுமுறையில் மொத்தக் குடும்பமும் இங்கேதான் சாப்பிடும். பெரியவர்களுக்குச் சாப்பாட்டு அறை. வாலுவுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் டிவி முன்னால் தட்டு. சாப்பாட்டு அறைக் கதவை எப்போதும் சாத்திவிடுவார்கள். உள்ளே பெரியவர்கள் ஏதோ பெரிய விஷயம் பேசுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இந்த வருஷம் பெரியம்மா அவள் தோளில் கை போட்டாள். "நீயும்தான் நெடுநெடுன்னு வளந்துட்ட. இனிமே எங்களோட உக்காரு."

வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

வட்ட மேசை. எட்டு நாற்காலிகள். பெரியப்பாவின் மகள், அவள் உயிருக்கு உயிரான அக்கா, கை காட்டினாள். "என் பக்கத்துல வா."

அக்கா பாதியாக இளைத்திருந்தாள். இந்த வருஷம் முழுக்க எத்தனை மெசேஜ் அனுப்பினாலும் அவளிடமிருந்து பதிலே வந்ததில்லை. இப்போது கூப்பிடுகிறாளே என்று வாலுவுக்குக் கோபமெல்லாம் பறந்துபோனது.

அவளுக்கு வலப்பக்கம் அக்கா. இடப்பக்க நாற்காலி காலி. அதற்கு முன்னாலும் ஒரு தட்டு கவிழ்க்காமல் வைத்திருந்தது.

"இன்னும் யாரு வரணும்?"

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நம்ம மேசைல ஒரு பழக்கம் இருக்கும்மா. யாரும் தானா போட்டுக்கக் கூடாது. நமக்கு இடப்பக்கம் இருக்கறவங்கதான் நமக்குப் பரிமாறணும்."

அப்பா அம்மாவுக்கு வைத்தார். சித்தப்பா காலித் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தார், அந்தப் பக்கம் பார்க்காமலே. சித்தப்பா இவ்வளவு நேரம் ஒரு கிண்டலும் அடிக்காமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

வாலு வலப்பக்கம் திரும்பி அக்காவின் தட்டில் சோறும் கறியும் வைத்தாள். முதுகுக்குப் பின்னால், இடப்பக்கம், கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

மெதுவாக. வழித்து வழித்து.

திரும்பினாள்.

அவள் தட்டு நிறைந்திருந்தது.

சுடச்சுட இறக்கிய சோறு. அவள் தட்டில் மட்டும் ஆவி இல்லை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்த வாசனை அடித்தது.

"சித்தப்பா... உங்க வேலையா?"

சித்தப்பா தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே சாப்பிடவில்லை.

பயம் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும் இடத்தை அவளும் பார்த்தாள். எதிரே அம்மா.

"சாப்பிடு கண்ணா," என்றாள் அம்மா.

அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாலு ஒரு வாய் எடுத்து விழுங்கினாள். பனிக்கட்டியை விழுங்கியதுபோல் நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

அந்த நொடியில் மேசை முழுக்க மூச்சு விட்டது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா திடீரென்று சத்தமாக ஏதோ ஜோக் சொல்ல, எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். அக்கா பட்டினி கிடந்தவள் மாதிரி இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றாள்.

வாலுவின் இடப்பக்கம் கரண்டி தானாக எழுந்தது. அவள் தட்டில் இன்னொரு வாய் வைத்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அக்காவைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினாள். "என்னக்கா அது? சொல்லு."

அக்கா குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "யாருன்னு தெரியாது. தனியா சாப்பிடப் பிடிக்காது அதுக்கு. அது போட்டத யாரு சாப்பிடறாங்களோ அவங்களோட போயிடும். ஒரு வருஷத்துக்கு. நீ எது சாப்பிட்டாலும் பாதி அதுக்கு. தூங்கும்போதும் பக்கத்துல இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரிஞ்சவங்க உக்காந்தா அது பரிமாறாது. தெரியாதவங்க நீங்க ரெண்டு பேருதான். யாருமே உக்காரலன்னா சின்ன ஆள அதுவே எடுத்துக்கும்."

தம்பி ஹாலில் கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னை உக்கார வைக்கச் சொன்னது யாரு?"

அக்கா அழ ஆரம்பித்தாள். "எங்க அப்பா எவ்ளோ யோசிச்சாரு தெரியுமா? சித்திதான்... உங்கம்மாதான் உன்னச் சொன்னாங்க."

செருப்பு மாட்டும் இடத்தில் அம்மா தனியாக நின்றிருந்தாள். வாலு அவள் முந்தானையைப் பிடித்தாள். "ஏம்மா?"

"அவன் குழந்தைடி. நீ தாங்குவ."

"எங்கிட்ட கேட்டிருந்தா அவனுக்காக நானே சரின்னிருப்பேன்."

"கேட்டா நடக்காதே!" அம்மாவின் குரல் உடைந்தது. ஆனால் கையை நீட்டி அவளைத் தொடவில்லை. தொடப்போன கை பாதியில் நின்று, முந்தானையை மெதுவாக அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. அம்மாவின் கண் அவளுக்கு இடப்பக்கம், ஒரு ஆள் தள்ளி, எதையோ பார்த்து விலகியது.

காரில் அப்பாவும் அம்மாவும் முன்னால். பின்னால் வலது ஜன்னலோரம் வாலு, இடது ஜன்னலோரம் தம்பி. வரும்போது நடு சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வந்தவன் இப்போது கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, அக்காவத் தள்ளி உக்காரச் சொல்லு. இடிக்குது."

வாலு அந்தப் பக்கக் கதவோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா திரும்பவே இல்லை. "அக்கா பக்கம் பாக்காதடா செல்லம். ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வா."

அப்பா கையை உயர்த்தி, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை மட்டும் மேலே திருப்பிவிட்டார்.

மழையில் கார் நகர்ந்தது.

நடு சீட்டின் பெல்ட் மெதுவாக இழுபட்டு நீண்டது. காற்றை ஒரு இடுப்பளவுக்கு வளைத்துக்கொண்டு போய், க்ளிக்கென்று மாட்டிக்கொண்டது.