ஆடியில் இறங்கிய மூடி!

செல்போன் அலறியது.

சனிக்கிழமை காலை எட்டேகால் மணி. முத்தாபுதுப்பேட்டையில் தன் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த டில்லிபாபு, அதைப் பாதியில் விட்டுவிட்டு போனை எடுத்தான்.

டில்லிபாபு கார் எலெக்ட்ரீஷியன். ஆவடி வட்டாரத்தில் எந்தக் காரின் வயரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான் என்று பெயர் வாங்கியவன்.

"ஹலோ..."

"டில்லிபாபுவா? வெள்ளானூர் ரவிச்சந்திரன் வீட்டுக்கு உடனே வா."

"யாரு பேசறது?"

"இன்ஸ்பெக்டர் எழிலரசி."

அவன் ஷட்டரைத் திரும்பக் கீழே இழுத்துவிட்டான்.

"இன்னா விஷயம் மேடம்?"

"நீ ஆட்டோமேட்டிக் பண்ணிக் கொடுத்த ரூஃப், ஓனரைக் கொன்னுடுச்சு!"

* * *

வெள்ளானூர். புதிய மனைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. போர்டிகோவை ஒட்டி வேப்பமரம். மரத்தடியில் அந்தச் சிவப்புக் கார்.

துணிக்கூரை போட்ட கார். திருநின்றவூர் பக்கம் மனை போட்டு விற்கும் ரவிச்சந்திரன், ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூரையைத் திறந்தால் அது மடங்கி, பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழியில் படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கனமான இரும்பு மூடி ஒன்று இறங்கிக் குழியை மூடும்.

இன்று அந்த மூடிக்கு அடியில் கூரை மட்டும் இல்லை...

ரவிச்சந்திரனின் தலையும் இருந்தது!

முழங்கால்கள் பின்சீட்டில் மண்டியிட்டிருந்தன. வலது கையில் ஒரு பிடி வேப்பிலைச் சருகு. கழுத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

டில்லிபாபு பார்வையைத் திருப்பிக்கொண்டான். முந்தாநாள் இதே மனிதர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தோளில் தட்டியிருந்தார்.

"இவன்தான் மேடம்!" ஒருத்தன் பாய்ந்து வந்து டில்லிபாபுவின் சட்டையைப் பிடித்தான். "எங்க அண்ணனைக் கொன்னது இவன்தான்!"

ஸ்ரீநாத். இறந்தவரின் தம்பி. மாடியில் குடியிருக்கும் ஐ.டி. ஆசாமி.

"கையை எடுங்க ஸ்ரீநாத்." எழிலரசி குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கை இறங்கியது. "டில்லிபாபு, இந்தக் கார்ல என்ன வேலை பார்த்தே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"மின்னாடி, உள்ள உக்காந்து பட்டனை அமுக்கிப் புடிச்சிகினே இருக்கணும் மேடம். வெரலை எடுத்தா ரூஃபு அப்டியே நின்னுடும். சாரு அது வோணாம்னாரு. ஃபுல் ஆட்டோமேட்டிக் கேட்டாரு. தீப்பெட்டி சைஸ்ல ஒரு மாட்யூல் வெச்சேன். இப்போ தூரத்துல நின்னுகினே சாவில ஒரு தட்டு தட்னா போதும். அதுவா தொறக்கும், அதுவா மூடும்."

"நடுவுல யாராவது மாட்டினா?"

"மறுக்கா தட்னாத்தான் நிக்கும்..."

சொன்ன பிறகுதான் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது.

"கேட்டீங்களா!" ஸ்ரீநாத் கத்தினான். "ஏழே முக்கால் இருக்கும் மேடம். மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தேன். அண்ணன் குனிஞ்சு இலை பொறுக்கிட்டிருந்தார். கார் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லை. மூடி தானா இறங்குச்சு! நான் ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு!"

"பொய்!" டில்லிபாபு அலறினான். "அது எறங்கவே எறங்காது மேடம்! அதுல ஃப்யூஸே இல்ல!"

எழிலரசியின் புருவங்கள் உயர்ந்தன.

"என்ன சொல்றே?"

"ஆடி முடிய இன்னும் நாலு நாள் கீதே மேடம்! ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணி ஒண்ணாந்தேதி சூடம் ஏத்தித்தான் மொத தட்டு தட்டணும்னு சாரோட சம்சாரம் சாவித்திரியம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்கோ. அதனால மூடியைத் தொறந்தபடியே நிறுத்திட்டு, ரூஃபோட ஃப்யூஸைப் புடுங்கிட்டேன். அன்னிக்கி வந்து நானே போடறேன்னு சாராண்ட சொன்னேன். இதோ!"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பச்சை நிறத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு ஃப்யூஸ்.

எழிலரசி மெதுவாக ஸ்ரீநாத் பக்கம் திரும்பினாள்.

"ஃப்யூஸ் இல்லாத மூடி தானா இறங்கிச்சா, மிஸ்டர் ஸ்ரீநாத்?"

ஸ்ரீநாத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ச... சத்தியமா மேடம். என் கண்ணால பார்த்தேன்!"

"பக்தவத்சலம்! அந்த ஃப்யூஸ் பாக்ஸைத் திறங்க."

ஏட்டு பக்தவத்சலம் கையுறையை மாட்டிக்கொண்டு காருக்குள் குனிந்தார். பாக்ஸைத் திறந்தார். டார்ச் அடித்தார். டில்லிபாபு வாசலில் நின்றபடியே இடம் சொன்னான்.

"மேல் வரிசைல கடைசி ஓட்டை சார். காலியா கீதா?"

"காலியா?" பக்தவத்சலம் நிமிர்ந்தார். "இதுல ஃப்யூஸ் இருக்கேப்பா!"

டில்லிபாபு ஒரு அடி முன்னே வந்தான்.

"இ... இருக்காது சார்! பாக்ஸ் மூடியோட உள்பக்கம் நாலு ஸ்பேர் ஃப்யூஸ் சொருவியிருக்கும். எண்ணிப் பாருங்கோ!"

"மூணுதான் இருக்கு."

"அய்யோ! யாரோ ஸ்பேரை எடுத்துப் போட்டுகீறாங்கோ மேடம்!"

"யாரோ இல்லை, நீதான்!" ஸ்ரீநாத்துக்கு உயிர் வந்துவிட்டது. "ஒண்ணைப் புடுங்கிப் பையில வச்சுக்கிட்டு, இன்னொண்ணைச் செருகிட்டுப் போயிருக்கே!"

எழிலரசி டில்லிபாபுவையே பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நீ ஃப்யூஸை எடுத்தது யார் யாருக்குத் தெரியும்?"

"சாருக்குத் தெரியும்..."

"அவர் சாட்சி சொல்ல வரமாட்டார். வேற?"

"அம்மாவும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாங்கோ!"

* * *

சாவித்திரி ஹால் சோபாவில் சுருண்டு கிடந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நெற்றியில் வட்டமாய்க் குங்குமம். அதைப் பார்த்ததும் எழிலரசிக்கே மனசு கனத்தது.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. டில்லிபாபு ஃப்யூஸைக் கழட்டினதைப் பார்த்தீங்களா?"

"ஆடியில ஆரம்பிக்க வேண்டாம்னு சொன்னேன்ம்மா... அவ்வளவுதான். ஃப்யூஸ் கிஃப்யூஸ் எல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் காபி போட உள்ளே போயிட்டேன்."

"அம்மா!" டில்லிபாபு வாசற்படியிலிருந்து கதறினான். "பக்கத்துல நின்னு, 'இது இல்லாம வேலை செய்யாதா தம்பி'ன்னு கேட்டீங்களேம்மா!"

சாவித்திரி அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"பாவம்... பயத்துல ஏதோ சொல்லுது. வேணும்னு செஞ்சிருக்காதும்மா. கைத்தவறுதலா நடந்திருக்கும். என் வீட்டுக்காரரே போயிட்டார். இன்னொரு குடும்பமும் கெடணுமா? விட்டுடுங்க..."

இவ்வளவு நல்ல மனசை எதிர்த்து யார் பேச முடியும்?

பக்தவத்சலம் டில்லிபாபுவின் தோளில் கை போட்டார்.

"நட."

"என் சம்சாரம் ஜோதிகாவுக்கு இது ஒம்போதாம் மாசம் சார்! நான் ஜெயிலுக்குப் போனா அவளுக்கு யாருமே இல்ல சார்! மேடம், நான் ஒரு தப்பும் பண்ணலை மேடம்!"

எழிலரசியின் பார்வை, பக்தவத்சலத்தின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை மேல் இருந்தது. காரிலிருந்து பிடுங்கிய ஃப்யூஸ் அதற்குள் இருந்தது.

"அது மேல என்னய்யா சிவப்பா?"

பக்தவத்சலம் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ரத்தமா மேடம்?"

"தலை மாட்டினது பின்னாடி. ஃப்யூஸ் பாக்ஸ் முன்னாடி. ரத்தம் எப்படி அங்கே போகும்?" வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி. குட்டியாய், வட்டமாய், நடுவில். "பக்தவத்சலம்... இது குங்குமம்!"

அடுத்த நொடி சமையலறைக்குள் நுழைந்தாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பொட்டு. மிக்ஸியில் ஒரு பொட்டு. இன்வெர்ட்டரில் ஒன்று. சீல் பிரிக்காத கேஸ் சிலிண்டரில் ஒன்று. அலமாரியில் புதுசாய் உட்கார்ந்திருந்த கொசு பேட்டைக்கூட விட்டுவைக்கவில்லை!

எழிலரசி வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"டில்லிபாபு, நீ ஃப்யூஸுக்குப் பொட்டு வைப்பியா?"

"வண்டிக்கு வெப்போம் மேடம். ஃப்யூஸுக்கு எவன் வெப்பான்?"

"ஸ்ரீநாத், நீங்க?"

"நான் சாமியே கும்பிடறதில்லை மேடம்!"

"தெரியும். மாடியில உங்க பக்கம் சாமி காலண்டர்கூட இல்லைன்னு ஏட்டு சொன்னார்." எழிலரசி சோபாவின் எதிரில் வந்து நின்றாள். "வலது கையை நீட்டுங்கம்மா."

சாவித்திரி நீட்டவில்லை.

"ஈரக் குங்குமம். மோதிர விரல். ரேகை அழகாப் பதிஞ்சிருக்கு. ஃப்யூஸ் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க, சரியா ரூஃப் ஃப்யூஸுக்கு மட்டும் எப்படிம்மா பொட்டு வச்சீங்க?"



குழாயை மூடினாற்போல் சாவித்திரியின் அழுகை நின்றது.

"பழக்கம்மா..." அவள் குரல் இப்போது நிதானமாய் இருந்தது. "புதுப் பொருளை வெறுமனே போட மனசு வரலை."

ஸ்ரீநாத் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி...!"

சாவித்திரி இடுப்புச் செருகலிலிருந்து எதையோ எடுத்து டீப்பாயில் வைத்தாள். காரின் இரண்டாவது சாவி. வளையத்தில் தங்க நிறத்தில் ஒரு பெயர் தொங்கியது.

நிவேதிதா.

"அவர் ஆபீஸ்ல வேலை பார்க்கறா. துவைக்கப் போட்ட பேன்ட்ல இருந்துச்சு இந்தச் சாவி. ஆவணி ஒண்ணாந்தேதி நான் பூசணிக்காய் சுத்தி உடைக்கணுமாம். முதல் ரவுண்டு அவளோட போவாராம். இருபத்திரண்டு வருஷம்மா... பஸ்ஸுல நின்னுகிட்டே வந்தவ நான். ஸ்கூட்டர் பின்சீட்டுல உட்கார்ந்து வந்தவ நான். வானத்தைப் பார்த்துக்கிட்டுப் போக மட்டும் வேற ஒருத்தியா?"

"அதனால..."

"உள்ளே இலை விழுந்திருக்குங்கன்னேன். ஃப்யூஸ் இல்லைங்கற தைரியத்துல தலையை விட்டார். பூஜை ரூம் ஜன்னல்ல நின்னு ஒரே ஒரு தட்டு. நிஜமாவே ஃபுல் ஆட்டோமேட்டிக்மா. தம்பி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கஸ்டமரின் பாராட்டு டில்லிபாபுவுக்குக் கசந்தது.

எழிலரசி கேட்டாள்.

"ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆரம்பிக்கலையேம்மா..." சாவித்திரி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முடிச்சு வச்சேன்!"

பக்தவத்சலம் டில்லிபாபுவின் தோளிலிருந்து கையை எடுத்தார். அவன் அப்படியே படியில் உட்கார்ந்து ஜோதிகாவுக்குப் போன் போட்டான். ரிங் போகும்போதே அழ ஆரம்பித்துவிட்டான்.

பெண் போலீஸ் ஒருத்தி சாவித்திரியின் கையைப் பற்றினாள். வாசலில் ஜீப் உறுமியது. படி இறங்கப் போன சாவித்திரி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று நின்றாள்.

மணி பத்து.

"இப்போ ராகு காலம்மா! பத்தரைக்குத்தான் முடியுது. ராகு காலத்துல கிளம்பினா, போற காரியம் இழுத்துக்கிட்டே போகும். அரை மணி கழிச்சுப் போலாமே...?"

எழிலரசி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

"பரவாயில்லை, ஏறுங்கம்மா... நீங்க எப்படியும் ஒரு பதினாலு வருஷத்துக்குத் திரும்பி வரப் போறதில்லை!"