நடுங்காத சுருள்

காலை ஒன்பது மணிக்கு வந்த டாக்டரம்மா, கொடுத்த காப்பியைத் தொடக்கூட இல்லை.

"மூணு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம் சார். அதுக்குள்ள யார் செஞ்சதுன்னு தெரியலேன்னா ஆராய்ச்சியை நிறுத்திடுவாங்க."

"எதைத் திருடினாங்க?"

"எதையும் திருடலை. யாரோ பொய்யா நல்லதைச் சேர்த்து வெச்சிருக்காங்க."

கேட்டவர் முப்பத்தொரு வருடம் நீதிமன்றங்களுக்காகக் கள்ளக் கையெழுத்துகளைப் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். வீட்டில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவியின் தம்பி. ஓட்டப் பயிற்சியாளராக இருந்தவர், பேச்சிலும் ஓட்டம்தான். குடும்பமே அவரை அவசரம் என்று கூப்பிட்டது, அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். நடுக்குவாதத்துக்குப் புது மாத்திரை ஒன்று. மூளை நோய் ஆராய்ச்சிக்கு உதவும் அறக்கட்டளை ஒன்று நிதி தருகிறது. நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் வீட்டிலேயே ஒரு வெள்ளைத் தாளில் சுருள் கோடு வரைந்து, கீழே தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைக் கோடு காட்டிவிடும்.

"ஒருத்தர் தையற்காரர். ஏழு வாரம் கோடு கிறுக்கலா இருந்துச்சு. எட்டாவது வாரத்துலேர்ந்து திடீர்னு அச்சடிச்ச மாதிரி. இது எந்த மருந்தாலயும் நடக்காது சார். அறக்கட்டளைத் தலைவி பார்த்ததுமே, மோசடின்னுட்டாங்க. தாளை வாங்கிட்டு வர்றது என் உதவியாளர் பொண்ணு. அவமேலதான் எல்லார் கண்ணும். எனக்கு அவளைச் சந்தேகப்பட மனசே வரலை."

"அந்தப் பொண்ணுதான் மாமா!" என்றார் அவசரம். "வேலை போயிடக் கூடாதுன்னு வரைஞ்சிருக்கும்."

"மாப்ள, முதல்ல தாளைப் பார்ப்போம். தூக்கு அப்புறம் போடலாம்."

பதினோரு மணிக்கு ஆய்வகத்தில் இருந்தார்கள். உதவியாளர் பெண் கண் சிவந்து, கோப்புகளை எடுத்து வைத்தாள். பூதக்கண்ணாடி தையற்காரரின் கடைசி ஐந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தார். ஐந்து சுருளும் ஒரே கோடாகத் தெரிந்தன.

"நீ ஐந்து தடவை கையெழுத்துப் போட்டா ஐந்தும் ஒண்ணா இருக்குமா மாப்ள?"

"ரெண்டுகூட இருக்காது."

"சரி, கீழே தேதியைப் பார்."

தேதியும் கையெழுத்தும் பழைய வாரங்களைப் போலவே தள்ளாடிக்கொண்டிருந்தன. பிறகு அவர் தாளைத் திருப்பிப் போட்டு, அவசரத்தின் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினார். சுருளின் பாதை நெடுக, சம இடைவெளியில், சின்னச் சின்ன மேடுகள்.

அதற்குப் பின்தான் அவர் மற்ற நோயாளிகளின் கோப்புகளைக் கேட்டார். ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு வரைந்த தாள், கூடவே ஒரு வெற்றுத் தாள்.

"வாரத்துக்கு ரெண்டு தாள் கொடுப்போம் சார்," என்றாள் பெண். "ஒண்ணு கசங்கிட்டா மாத்திக்கறதுக்கு. மிச்சத்தைத் திருப்பி வாங்கிடுவோம்."

"தையற்காரர் கோப்புல எட்டாவது வாரத்துலேர்ந்து வெற்றுத் தாளே இல்லையேம்மா?"

"கேட்டேன் சார். பக்கத்து வீட்டுக் குழந்தை கப்பல் செஞ்சுடுச்சுன்னாங்க."

"ஐந்து வாரமுமா?" என்றார் அவசரம். "கப்பற்படையே கட்டியிருக்குமே!"

அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். பூதக்கண்ணாடி மெல்லக் கேட்டார்: "ஏழாவது வாரம் அவங்க வீட்டுல என்னம்மா பேசினே?"

அவள் யோசித்தாள். முகம் வெளிறியது. "அறக்கட்டளையிலேர்ந்து பார்க்க வர்றாங்க, முன்னேற்றம் தெரிஞ்சாத்தான் நிதி தொடரும்னு… சும்மா பேச்சுவாக்குல சொன்னேன் சார்."

மூன்று மணிக்குத் தலைவி வந்தார். பூதக்கண்ணாடி சொல்லியபடி தையற்காரரும் அவர் மனைவியும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். தையற்காரரின் வலது கை மடியில் ஓயாமல் ஆடியது. மனைவி அதன்மேல் தன் கையை வைத்திருந்தார்.

"இந்தப் பொண்ணு எதுவும் செய்யலை," என்று தொடங்கினார் பூதக்கண்ணாடி. "சுருளை மாத்த நினைச்ச வெளியாள் புதுத் தாள் எடுத்து, தேதியையும் தானே எழுதியிருப்பார். இதுல தேதி நோயாளியோடதே. அதனால தாள் அவங்க வீட்டை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கு. பின்னால இருக்கிற மேடு பல்சக்கரத்தோட தடம். அளவைத் துணியில பதிக்கத் தையற்காரங்க உருட்டுவாங்களே, அது. மாதிரிக்கு ஒரு நல்ல சுருளைத் தனியா வரைஞ்சு, அதை மேலே வெச்சு உருட்டிட்டு, அந்தத் தடத்துமேல பேனா ஓட்டியிருக்காங்க. அளவு பதிக்காம கத்திரிக்கோலைத் தொடாத தொழில் இல்லையா? மத்தவங்களுக்கு இது தோணியே இருக்காது."



"நான்தான் உருட்டினேன்," என்றார் மனைவி. "பேனாவும் நான்தான் பிடிச்சேன்."

"அவளைச் சொல்லாதீங்க, யோசனை என்னோடது." தையற்காரர் குறுக்கிட்டார். "மூணு வருஷமா கை போய், கடையை மூடி, ஒரு மனுஷன் ஏன்னு கேக்கலைங்க. இந்த டாக்டரம்மாதான் கேட்டாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாங்க. அவங்க தோத்துடக் கூடாதுன்னு நினைச்சேன். நன்றிக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு?"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த இன்னொரு தாள்?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

மனைவி பையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்தார். ஐந்திலும் தேதி. ஐந்திலும் உடைந்து, திரும்பி, தடுமாறிய சுருள்கள்.

"ஒவ்வொரு வாரமும் முதல்ல நானா வரைஞ்சு பார்ப்பேன்," என்றார் தையற்காரர். "ஒருவேளை நல்லா வந்துட்டா, பொய் வேண்டாமேன்னு."

அவசரம் அந்த ஐந்து தாள்களையும் கசங்காமல் அடுக்கித் தலைவியிடம் கொடுத்தார்.

தலைவி தையற்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, மருந்து பலிக்கலேன்னா அதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான். அதுக்காக நிதியை நிறுத்த மாட்டோம். பொய்யா பலிச்சாத்தான் ஆபத்து. இதை நம்பி நாளைக்கு எத்தனையோ பேர் சாப்பிடுவாங்க, உங்களை மாதிரியே கை நடுங்குறவங்க." பெண்ணைப் பார்த்து, "உன்னைத் தப்பா நினைச்சுட்டேம்மா, மன்னிச்சுடு," என்றார்.

"அப்போ ஆராய்ச்சி?" என்றார் டாக்டரம்மா.

"நடக்கும். நடந்ததை அப்படியே அறிக்கையில எழுதுங்க. இந்த ஐந்து வாரத்தையும் கணக்குல சேர்க்க முடியாது. இனிமே இவர் இங்க வந்து, உங்க எதிர்லயே வரையட்டும்."

"இன்னைக்கே வரையட்டுமாம்மா?" என்று கேட்டார் தையற்காரர்.

தாள் வந்தது. மனைவி உதவப் போய், நினைவு வந்து கைகளைக் கட்டிக்கொண்டார். தையற்காரர் வரைந்து முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. கோடு இரண்டு இடத்தில் தாளைத் தாண்டி மேசைக்கே போய்விட்டது. தேதி போட்டுத் தயக்கத்தோடு நீட்டினார்.

"ரொம்பக் கோணலா இருக்கும்மா."

டாக்டரம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இதுக்காகத்தான் அண்ணே நாங்க உட்கார்ந்திருக்கோம். உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."