குளிரறைக் குடுவை

பாகலூர் சாலையில் அன்று விடிந்து வெகு நேரமாகியும் பனி விலகவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை நம்பிப் பேராசிரியர் குருமூர்த்தி தன் பழைய காரை உருட்டிக்கொண்டு வந்தார். மூடிக் கிடந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றை அவருடைய கல்லூரி வாங்கியிருந்தது. ஆய்வகம் கேட்டுக் கேட்டு வாய் வலித்த மனிதருக்கு அதில் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார்கள். கொடுத்ததே பெரிய விஷயம் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

காவலாளி ஆஞ்சப்பன் கதவைத் திறந்துவிட்டார்.

"எல்லா ரூமும் பெருக்கி வெச்சுட்டன் சார். அந்தக் கடைசில இருக்கற கூலிங் ரூம் மட்டும் நான் தொடலைங்க."

"ஏன், சாவி இல்லையா?"

"சாவி இருக்குதுங்க."

அதற்கு மேல் குருமூர்த்தி கேட்கவில்லை. அவர் அவசரம் அவருக்கு.

மூலக்கூறுத் திண்மங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். சர்க்கரை, கற்பூரம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அந்த இனம்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஒரே செங்கல்லை இரண்டு விதமாக அடுக்கலாம் அல்லவா? ஒரே மருந்தும் அப்படித்தான். ஒருவிதமாக அடுக்கினால் வயிற்றில் கரையும். இன்னொரு விதமாக அடுக்கினால் கல்லாகக் கிடக்கும், நோயாளிக்குப் பிரயோஜனமில்லை.

ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு வலிப்பு மருந்து. அவருடைய ஒரே மகள் யுவஸ்ரீ, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், அந்த மருந்துத் திரவத்தின் தயவில்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். இன்னும் நன்றாகக் கரைகிற படிகமாக அதை விளைவித்துவிட்டால் குழந்தைக்குக் குறைவான மருந்தே போதும் என்பது அவர் கனவு. ஆனால் கையோடு கொண்டுவந்திருந்த கரைசல் ஒரு வருடமாகப் பாகாகவே நின்று அவர் உயிரை வாங்கியது.

படிகம் வர மறுத்தால் வேதியியல்காரர்கள் கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறுவார்கள். அதற்கும் மசியாவிட்டால், ஏற்கெனவே விளைந்த படிகத்தில் ஒரு துணுக்கை எடுத்துப் போடுவார்கள். அதற்கு விதை என்று பெயர்.

குளிரறைக்குள் அவர் சும்மா பார்க்கத்தான் போனார். இயந்திரம் நின்று பல வருடமாகியிருந்தது. ஆனாலும் உள்ளே குளிர் எலும்பைப் பிடித்தது. பூஞ்சை வாடையோடு, ஏனோ, மல்லிகை வாடையும் அடித்தது. அலமாரியில் தனியாக ஒரு குடுவை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவர் மகள் குடிக்கும் அதே மருந்தின் பெயர். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

யார் விளைவித்தது, எப்படி விளைந்தது என்று தெரியாத விதையைப் புத்தியுள்ள எவனும் போட மாட்டான்.

குருமூர்த்தி போட்டார்.

கண்ணாடிக் கோலை எடுத்து ஒரு கீறு கீறினார். கிரீச். அவ்வளவுதான், ஒரு வருடமாக அசையாத கரைசல் மடமடவென்று வெளுத்து உறைந்தது. "அடி சக்கை!" என்று தனியாக நின்று கத்தினார் பேராசிரியர்.

கிரீச்.

அவர் கையில் இப்போது கோல் இல்லை.

சத்தம் குளிரறைக் கதவிலிருந்து வந்தது. அதிலிருந்த சின்னக் கண்ணாடிச் சன்னலில் கோடு கோடாகக் கீறல்கள். எல்லாம் உட்பக்கம். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எந்த எலி கண்ணாடியைக் கீறும்? மகிழ்ச்சியில் இருக்கிற மனிதனுக்கு அதெல்லாம் தோன்றாது.

அன்று மாலை அவர் மனைவி பொற்கொடி மருந்துப் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, அடியில மண்ணு மாதிரி என்னமோ கிடக்குது பாருங்க."

இரண்டு நாளில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வலிப்பு. புதுப் பாட்டில் வாங்கினார்கள். அதுவும் வெளுத்து உறைந்தது. கடையை மாற்றினார்கள், கம்பெனியை மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

குருமூர்த்திக்கு விளங்கிவிட்டது. பிடிவாதமான படிகம் ஒன்று ஓரிடத்தில் பிறந்துவிட்டால், அதன் தூசு பட்ட இடமெல்லாம் அதுவே விளையும். பழையது மறுபடி வராது. தூசு அவர் சட்டையில், நகத்தில், தலைமுடியில் இருக்கிறது. இது விஞ்ஞானம், பேய் பிசாசு இல்லை. உடுத்தியதையெல்லாம் எரித்தார். மொட்டையடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் திருப்பதி வேண்டுதல் என்று நினைத்து லட்டு கேட்டார்கள்.

பிறகு மருந்துக் கடை வாசலில், மூடியைத் திறக்காத பாட்டில் ஒன்றைக் கையில் வாங்கினார்.

கிரீச்.

பாட்டிலுக்கு உள்ளேயிருந்து.

தெளிந்த மருந்தின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கிளைவிட்டுப் பரவியது. மூடிய பாட்டிலுக்குள் எந்தத் தூசு போகும்? பாட்டிலைக் கடைப் படியிலேயே வைத்துவிட்டுக் காரை எடுத்தார்.

நேராகப் போய் ஆஞ்சப்பனைப் பிடித்தார்.

"அந்த ரூம்ல என்னய்யா நடந்தது?"

ஆஞ்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "வினோதான்னு ஒரு பொண்ணுங்க. இந்தக் கம்பெனில கெமிஸ்ட்டு. சங்கராந்தி லீவுக்கு எல்லாரும் கெளம்பற அவசரத்துல, அது உள்ள இருக்கறது தெரியாம கதவச் சாத்திட்டாங்க. உள்பக்கம் புடி கிடையாது. கண்ணாடிக் குச்சிய வெச்சு அந்தச் சன்னல சொரண்டிக்கினே இருந்திருக்குது. லீவு முடிஞ்சு வந்து தொறந்தா... தேவுடா! அந்தக் குடுவைய மடியிலயே வெச்சிருந்துதுங்க."

"எங்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா?"

"ஆபீஸ்ல சொல்லக் கூடாதுன்னுட்டாங்க சார்."

குருமூர்த்தி குடுவையைக் கொண்டுபோய் அதே அலமாரியில் வைத்தார். திருகுப்புளியால் கதவையே கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். கடவுள் இல்லை என்று வகுப்பில் வாதாடுகிற மனிதர், இருட்டைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தொறந்துதான் இருக்கு, போயிடும்மா. எம் பொண்ணு சின்னப் புள்ளை. அவ உனக்கு என்ன பண்ணா?"

மல்லிகை வாடை இல்லை. அறை வெறும் அறையாக, வெளியிலிருக்கிற அதே சூட்டோடு இருந்தது. போய்விட்டாள் என்று மூச்சு விட்டார்.

கிரீச்.

அவர் மூக்குக் கண்ணாடியின் மேல். கண்ணுக்கு நேராக மெல்லிய கீறல் ஒன்று இடமிருந்து வலமாகத் தானே ஓடி நின்றது.

அவள் என்றைக்கோ வெளியே வந்துவிட்டாள். அவரோடுதான் வந்திருந்தாள்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. தேன்கனிக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். அவர் விலகியதும் வீட்டில் மருந்து தெளிந்துவிட்டது. "இன்னிக்கும் வலிப்பு வரலைங்க" என்று பொற்கொடி தினமும் போனில் சொல்ல, குருமூர்த்தி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மகள் முகத்தை இனிப் பார்க்கவே முடியாவிட்டாலும் சரி, அவள் நன்றாக இருந்தால் போதும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யுவஸ்ரீயே போனை வாங்கினாள்.

"எப்பப்பா வருவ? எனக்கு உன்னப் பாக்கணும்." சொல்லும்போதே விசும்பத் தொடங்கிவிட்டாள்.

"அழக் கூடாதுடி கண்ணு" என்று பொற்கொடியின் குரல் பக்கத்தில் கேட்டது. பிறகு பொற்கொடியே போனை வாங்கினாள்.

"ஏங்க..."

"என்ன பொற்கொடி?"

"கண்ணத் தொடச்சு விட்டேங்க. கை நனையவே இல்ல."

குருமூர்த்தி கட்டிலிலிருந்து எழுந்தார்.

"வெள்ளையா உதிருதுங்க. நரநரன்னு இருக்குது. ஐயோ, என்னங்க இது?"

அவர் கதவுவரை ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார். இவ்வளவு தூரம் விலகியும் குழந்தை குடித்த மருந்து கண்ணீரில் விளைகிறது; நேரில் போனால் வினோதாவும் கூடவே வருவாள். போகாமல் இங்கே நின்று என்ன செய்வது?

"அப்பா, கண்ண மூடுனா குத்துதுப்பா!"

"அழாதம்மா. அப்பா சொல்றேன்ல, அழாத, அழாத!" என்று கத்தினார்.

அப்பா கத்துவதைக் கேட்டதும் குழந்தை இன்னும் அதிகமாக அழுதாள். சிமெண்ட் தரையில் சிறுசிறு கற்கள் உதிர்கிற சத்தம் போனில் நன்றாகவே கேட்டது.