இழுவீட்டுக்கு ஏற்ற வண்டி

அம்சவேணி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வீடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாவு கல்லின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவள் புதன் கோளிலேயே பிறந்து வளர்ந்தவள், இதற்கெல்லாம் பதறுவதில்லை. வழிந்ததைக் கரண்டியால் வழித்துக் கல்லிலேயே விட்டாள். வட்டமான தோசையை அந்தக் கோளில் யாரும் பார்த்ததே இல்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா விண்ணங்கியை மாட்டிக்கொண்டு, நகரும் வீட்டோடு கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள். போன வாரம் வாங்கிப் போன தூக்குவாளியைத் திருப்பித் தர வந்திருந்தாள். வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று உள்ளே ஒரு மூடி போட்ட கிண்ணம் நிறையப் பாயசம் வைத்திருந்தாள்.

"கிண்ணத்தை நீயே வச்சுக்க வேணி. எங்க வீட்டுல எக்கச்சக்கமா இருக்கு" என்றாள் தலைக்கவச வானொலியில்.

எக்கச்சக்கமாக எல்லார் வீட்டிலும்தான் இருந்தது. கிண்ணம் பரணுக்குப் போயிற்று.

புதன் தன்னைத்தானே சுற்றுவது ஆமைக்கே அலுப்புத் தரும் வேகத்தில். அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே பூமியில் அரை வருடம் ஓடிவிடும். பகலில் ஈயம் உருகும் வெயில், இரவில் எலும்பை நொறுக்கும் குளிர். இரண்டுக்கும் நடுவே, விடிவதற்குச் சற்று முந்திய கருக்கல் பட்டை ஒன்றுதான் மனிதன் பிழைக்கத் தோதான இடம். அந்தப் பட்டை ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மனிதர்களும் வீடு வாசலோடு மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தார்கள். சூரியனை அங்கே நடந்தே ஜெயிக்கலாம். ஆனால் நடப்பதை நிறுத்தக் கூடாது.

வீடு என்றால் சக்கரம் வைத்த இழுவீடு. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, மேலே ஒரு பரண். அதை இழுக்க முன்னால் ஓர் இழுவண்டி. இரண்டையும் சேர்ப்பது ஒரு கொக்கி. பின்னால் துரத்திவரும் வெயிலுக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு முன்தூரம் என்று பெயர். புதனில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்பதற்குப் பதில் "முன்தூரம் எப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

அம்சவேணி வீட்டின் முன்தூரம் சரியில்லை. கோளை வலம்வந்த கடந்த இரண்டு சுற்றுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. அன்று காலை ஊர்தல் ஆணையத்திலிருந்து எச்சரிக்கையும் வந்துவிட்டது. இந்தச் சுற்றுக்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு, குடும்பத்தைப் பொதுக்கூடத்துக்கு மாற்றுவார்களாம்.

பொதுக்கூடம் என்பது ஊரின் நடுவில் ஊர்ந்துபோகும் ராட்சதக் கொட்டகை. மூன்று அடுக்குப் படுக்கை, தலைமாட்டில் ஓர் எண், காலடியில் ஒரு பை. அம்சவேணி கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் வளர்ந்தாள். திரும்ப அங்கே போவதைவிட வெயிலில் வெந்து சாவது மேல் என்று அவள் மனதார நம்பினாள்.

"சிட்டுக்கு வயசாயிடுச்சுபோல" என்றான் அவள் கணவன் பூவராகன், தோசையைப் பிய்த்தபடி.

சிட்டு அவர்களுடைய இழுவண்டி. கல்யாணமான புதிதில் வாங்கியது. எல்லா இழுவண்டிகளையும்போல அதற்கும் பேசத் தெரியும், கொக்கியில் விழும் இழுப்பை வைத்தே பின்னால் வரும் வீட்டின் எடையைச் சொல்லிவிடும்.

"எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே" என்றது சிட்டு. "கல்யாணம் ஆனப்ப எப்படி இழுத்தேனோ அப்படியேதான் இழுக்கறேன். வீடுதான் அப்ப இருந்த மாதிரி இல்ல. பரண்ல இருக்கறதுல பாதியை இறக்கினாப் போதும். வண்டி மாத்தவே வேணாம்."

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களா? ஒரு வண்டி வந்து என் பரணைப் பத்திப் பேசுது!"

அந்தப் பரணைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதனில் தண்ணீருக்குப் பஞ்சம், காற்றுக்குப் பஞ்சம், இரும்புக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சூரியனை நெருங்கும்போது கோள் சற்று வேகம் கூடுவதால், அங்கே ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் சில நாள்கள் பின்வாங்குவதுபோல் போக்குக் காட்டும். அப்போது மட்டும் வீடுகளை நிறுத்தலாம். எல்லாக் கல்யாணங்களும், காதுகுத்தும், புதுமனை புகுவிழாவும் அந்தச் சில நாள்களில்தான். எல்லாவற்றுக்கும் பரிசு எவர்சில்வர் பாத்திரம்தான். குடம், அண்டா, டிபன் கேரியர், சொம்பு. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டியிருப்பார்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தை யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது, அடுப்பில் வைக்கவும் மனசு வராது. அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போகும். போனது திரும்பி வராது.

பொதுக்கூடத்தில் ஒரு பையோடு வளர்ந்தவளுக்கு அந்தப் பரண் எவ்வளவு பெரிய சொத்து என்பது பூவராகனுக்குத் தெரியும். எனவே பரணை விட்டுவிட்டு வண்டி தேடக் கிளம்பினான்.

தேடல் என்றால் சாதாரணத் தேடல் இல்லை. பூவராகன் தூக்கத்தைத் தொலைத்தான். வண்டி வீட்டைவிடக் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் வீடு வண்டியை ஆட்டிவைக்கும் என்றது ஒரு விமர்சனம். கனத்தைவிடக் கொக்கி அழுத்தமே முக்கியம் என்றது இன்னொன்று. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்றார் அலுவலக நண்பர். சங்கிலித் தடம்தான் புழுதியில் புதையாது என்றார் மாமனார், பொதுக்கூடத்தின் மூன்றாம் அடுக்கிலிருந்து. அவர் வாழ்நாளில் வண்டி வைத்திருந்ததில்லை. பூவராகன் எல்லாரையும் கேட்டான். ஒவ்வொருவரைக் கேட்டபின்பும் முந்தைய முடிவை மாற்றினான். இதற்குள் முன்தூரம் இன்னும் குறைந்தது.

கடைசியில் வண்டித் தரகர் நஸ்ருதீன் இரண்டு வண்டிகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தார். முதலாவது நடுத்தர அளவு. கொக்கியில் மாட்டியதும் வீட்டைக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னால முடியும். சரியா இருக்கும்" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

இரண்டாவது வண்டிக்குப் பெயர் கொம்பன். முகப்பே சமையலறை அகலம் இருந்தது. நிஜமாகவே இரண்டு கொம்புகள் வேறு. எதற்கு என்று நஸ்ருதீனுக்கே தெரியவில்லை.

"இந்த வீடு மாதிரி மூணை இழுக்கும் சார்" என்றார்.

"நம்மகிட்ட ஒண்ணுதானே பாய் இருக்கு?"

"இன்னைக்கு ஒண்ணு சார். நாளைக்கு?"

பூவராகன் ஆணையத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்ப்பவன். வழியில் வரும் ஊசிக்கணவாயின் அகலம் அவனுக்கு மனப்பாடம். இருபுறமும் செங்குத்துப் பாறை, வேறு வழி கிடையாது. "கணவாய்ல போகுமா பாய்?" என்று கேட்டான்.

"தாராளமா! ரெண்டு பக்கமும் இடம் விட்டே போகும்."

அது உண்மைதான். ஒரு கொம்பன் தாராளமாகப் போகும்.

"என்னங்க" என்றாள் அம்சவேணி, ஜன்னல் வழியே பார்த்தபடி. "ஜெசிந்தா வீட்டுல கொம்பன் வந்தாச்சு."

அதன்பின் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் வண்டியின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. சிட்டுவை ஆணையத்தின் உதவிப் படைக்குத் தள்ளிவிட்டார்கள். பழுதான வண்டிகளுக்குப் பின்னாலேயே ஓடி முட்டுக்கொடுக்கும் எடுபிடி வேலை.

"சரிண்ணே, வரேன்" என்றது சிட்டு. "பரணோட இடதுபக்கத் திருகு லூசா இருக்கு. முறுக்கிடுங்க."

கொம்பன் வந்ததும் முன்தூரம் விறுவிறுவென்று ஏறியது. இழுக்கும் பலம்தான் ஏராளமாக இருக்கிறதே என்று அம்சவேணி ஒரு கல் கிரைண்டர் வாங்கினாள். பூவராகன் யாரும் உட்கார முடியாத அளவுக்கு அகலமான ஒரு சோபா வாங்கினான். அதன் ஒரு முனை சமையலறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வீட்டில் இரண்டாவது பரண் அடித்தார்கள். ஊரில் பாதிப் பேர் கொம்பன் வாங்கினார்கள், மீதிப் பேர் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஊசிக்கணவாய் வந்தது.

முன்னெல்லாம் அதில் இரண்டு வரிசையாக வீடுகள் போகும். இப்போது ஒரு கொம்பன் நுழைந்தது. நுழைந்ததும் பக்கத்தில் ஒரு சந்து தெரிந்தது. சந்து தெரிந்தால் மனிதனால் சும்மா இருக்க முடியுமா? இன்னொரு கொம்பன் முந்தப் பார்த்தது. இரண்டும் தோளோடு தோள் உரசி, பாறைக்கு நடுவில் இறுகி நின்றுவிட்டன. பின்னால் வந்தவர்கள் இடைவெளி விட்டு நின்றிருந்தால் பின்னுக்கு எடுத்திருக்கலாம். யாரும் விடவில்லை. ஒட்டி ஒட்டி வந்து நின்றார்கள். வேறு ஜீவராசியே இல்லாத ஒரு கோள், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரமும் வெட்டவெளி. அதில் போக்குவரத்து நெரிசல்!

காற்றில்லாத இடத்தில் ஹாரன் கேட்காது. அதனால் என்ன, வானொலியில் ஹாரன் அடிக்கும் வசதி கொம்பனில் இருந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அடித்தது. ஆணையத்தின் அறிவிப்பு அந்த இரைச்சலில் மூழ்கிப்போய், திரும்பத் திரும்பச் சொன்னபிறகே புரிந்தது. கொம்பன்களைக் கைவிடுங்கள். உதவிப் படையின் சிறிய வண்டிகள் வருகின்றன. அவை முந்தப் பார்த்த கொம்பனைப் பிடுங்கி ஓரங்கட்டிவிட்டு, அந்தச் சந்து வழியே வீடுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் செல்லும். இழுக்க முடியாத வீடு இங்கேயே விடப்படும், ஆட்கள் பொதுக்கூடத்துக்கு.

கிழக்கே மலை உச்சிகள் வெள்ளை வெள்ளையாகப் பற்றிக்கொண்டு வந்தன. அம்சவேணி அதைப் பார்த்தாள், பிறகு பரணைப் பார்த்தாள்.

வரிசையின் ஓரமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு சின்ன வண்டி வந்து, தானே கொக்கியை மாட்டிக்கொண்டது.

"நான்தான் அண்ணி" என்றது சிட்டு. "பரணைக் காலி பண்ணுங்க."

இந்தமுறை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சோபா போயிற்று, கிரைண்டர் போயிற்று. குடம், அண்டா, டிபன் கேரியர் என்று பூவராகன் எடுத்து எடுத்துக் கொடுக்க, அம்சவேணி விண்ணங்கியோடு வாசலில் நின்று வீசினாள். அவ்வளவு பாத்திரம் பாறையில் விழுந்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, அழுதுகொண்டே வீசினாள். கடைசியாக, கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த சொம்பு. பொதுக்கூடத்தில் பட்டினி கிடந்து வாங்கியது. "மகள் அம்சவேணிக்கு" என்று வெட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"சிட்டு, இது ஒண்ணு மட்டும்?"

சிட்டு ஒரு கணம் கொக்கியை இழுத்துப் பார்த்தது. "ஒண்ணு பரவாயில்ல அண்ணி. ஏறுங்க."

அன்று எல்லா வீடும் தப்பியது. ஓர் உயிருக்கும் சேதம் இல்லை. கொம்பன்கள் கொம்போடு வெயிலுக்குப் போயின.

அதன்பின் சில காலம் ஊரே புத்தர் ஆயிற்று. பரண் காலியாக இருப்பதன் சுகத்தை எல்லாரும் எல்லாருக்கும் விளக்கினார்கள். தூக்குவாளி திரும்பி வந்தால் வெறுமனே வந்தது, யாரும் தப்பாக நினைக்கவில்லை. பழையபடி கொக்கிக்கே திரும்பிய சிட்டு வீட்டை அனாயாசமாக இழுத்தது. மனிதனுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று பூவராகன் அலுவலகத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றினான். கூட்டத்தின் முடிவில், இனி இப்படி ஒரு விபத்து நடக்காமலிருக்க ஆணையம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு சுற்று முடிந்து மறுபடி ஊசிக்கணவாய் வந்தது. ஆணையம் நடவடிக்கை எடுத்திருந்தது. இரவுப் பகுதியில் எந்திரங்களை அனுப்பி, இருபுறமும் பாறையைக் குடைந்து, கணவாயை மூன்று மடங்கு அகலப்படுத்தியிருந்தது. வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவன் பூவராகன்தான்.

கணவாயின் வாயிலில், கருகிய கொம்பன்களைச் சுற்றிப் பாத்திரங்கள் கிடந்தன. காற்றில்லாததால் துருவில்லை, மழையில்லாததால் கறையில்லை. ஒரு முழுப் பகல் வெயிலில் காய்ந்தும் கடையில் வாங்கிய அன்று போலப் பளபளத்தன. வீட்டு விளக்கு பட்டபோது பெயர்களைக்கூடப் படிக்க முடிந்தது.

முதலில் ஜெசிந்தாவின் வீடு நின்றது. பிறகு அதற்கு முன்னால் போன வீடு. பிறகு எல்லாம்.

"நிறுத்துங்க" என்றாள் அம்சவேணி. அதற்குள் விண்ணங்கியில் ஒரு கையை நுழைத்திருந்தாள். "ஒரே ஒரு குடம்தாங்க. சித்தி கொடுத்தது. நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

குடத்தோடு போனவள் அண்டாவோடும் வந்தாள். பூவராகன் இறங்கிப் போய் சோபாவின் மறுமுனையைப் பிடித்தான்.

"எடை கூடுதண்ணே" என்றது சிட்டு.

பூவராகன் சோபாவை உள்ளே தள்ளினான். வானொலியைத் திருகி நஸ்ருதீனைப் பிடித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாய், கணவாய்தான் இப்ப அகலமாயிடுச்சே. கொம்பனைவிட ஒரு சைஸ் பெரிசா ஏதாச்சும் வந்திருக்கா?" என்றான்.

"வந்திருக்கு சார். காலையிலிருந்து ஊரே அதைத்தான் கேட்குது. உங்க பேரையும் போட்டுக்கறேன்."

கிழக்கே ஓர் உச்சி வெளுத்தது. பின்னாலிருந்து யாரோ வானொலியில் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணே" என்றது சிட்டு. "அந்த இடதுபக்கத் திருகு இன்னும் லூசாத்தான் இருக்கு. நான் போறதுக்குள்ளயாவது முறுக்கிடுங்க."